மையத்துக் கொப்பி

2009 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. நாலே முக்காலுக்கு எழும்பினேன். சுபஹ் தொழுது, யாசீன் ஓதி, பிட்டு அவித்தேன். ஆறரைக்கு முற்றம் கூட்டி முடிந்தது. ஏழு இருபதுக்குப் பாடசாலையில் கையெழுத்து வைத்தேன். பத்தாம் வகுப்பின் கணிதக் கொப்பிகளைத் திருத்திக் கொடுத்தேன். வெள்ளி என்பதால் பதினொன்றேகாலுக்கு மணி அடித்தது. வரும் வழியில் கல்முனைச் சந்தையில் அரைக்கிலோ சூரை மீன் வாங்கினேன்.

கொப்பி திருத்தும்போது நான் சிவப்புக் கோடு மட்டும் போட்டு விடுவதில்லை. பிழை ஏன் வந்தது என்பதைப் பிள்ளையே மறுபக்கத்தில் எழுத வேண்டும். எழுதாத பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். இறந்தவர்களின் உடலை, அதாவது மையத்தை, குளிப்பாட்டவும் அதே முறையில்தான் பழகினேன்.

2004 சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது என் உம்மாவை மறுநாள் பின்னேரம் கண்டெடுத்தார்கள். குளிப்பாட்ட நேரமும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. முடிக்குள் மணலோடு, மற்றவர்களோடு ஒரே குழியில் அடக்கினார்கள். அடுத்த வருடம், எங்கள் பகுதியில் பெண் மையத்துகளைக் குளிப்பாட்டும் குழுவில் சேர்ந்தேன். உம்மாவுக்குச் செய்யாததை மற்றவர்களுக்காவது பிழையில்லாமல் செய்ய வேண்டும் என்றிருந்தது.

குழுவுக்குப் பொறுப்பானவர், மார்க்கம் படித்த மௌலவியா, என்னைவிட எட்டு வயது இளையவர். அவருடைய நாக்குக்கு நான் எத்தனையோ தடவை ஆளாகியிருக்கிறேன். முதல் மையத்தின் தலையைத் திருப்பும்போது நான் கழுத்தைத் தாங்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் சொன்னார்:

"டீச்சர், மையத்து எழும்பி உங்களுக்கு மார்க்ஸ் போடாது. அதால நான்தான் போடணும். சைபர்."

மற்றப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு புதுக் கொப்பியில் திகதியிட்டு எழுதினேன்: 'கழுத்தைத் தாங்கவில்லை. இடது கை பிடரியின் கீழ் இருக்க வேண்டும்.' மூன்றரை வருடத்தில் கொப்பி பாதிக்கு மேல் நிரம்பியது. என் பிழைகள் குறைந்தன. குறை சொன்னால் கோபப்படாமல் எழுதி வைத்துத் திருந்துகிறவள் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது.

பெப்ரவரி முதல் வாரம் ஒரு புதுப் பெண் குழுவில் சேர்ந்தார். நான் பட்ட ஏச்சை அவரும் படத் தேவையில்லை என்று கொப்பியை அவரிடம் கொடுத்தேன். எவரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

அதில் இப்படி ஒரு குறிப்பு இருந்தது: 'ஜனவரி 22. வலது மார்பு அகற்றப்பட்டிருக்கிறது. தழும்பின் மேல் நேராகத் தண்ணீர் ஊற்றினேன். பிழை. உள்ளங்கையில் ஏந்தி வழிய விட வேண்டும்.'

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுது எழும்பும்போது கதவு தட்டப்பட்டது. மௌலவியா நின்றார். அவருக்குப் பின்னால் ஜனவரி 22 அன்று மௌத்தாகி, நான் குளிப்பாட்டியவரின் மகள், கையில் என் கொப்பியோடு நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"இது உங்கட எழுத்துத்தானே டீச்சர்?" என்றார் மௌலவியா.

"ஓம்."

"குளிப்பாட்டின ஆக்கள், மையத்துட உடம்புல கண்டத்த வெளியில கதைக்கக் கூடாதெண்டு முதல் நாளே சொன்னனா இல்லையா?"

"நான் கதைக்கல்ல. பிழையத் திருத்தத்தான் எழுதின. பேரு கூட எழுதல்ல."

"திகதி எழுதினீங்களே. அண்டைக்கு ஊருல எத்தின பொம்புள மௌத்து?"

ஒருவர்.

நடந்ததை அவரே சொன்னார். புதுப் பெண் கொப்பியைத் தன் மாமிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். மாமி பாலமுனையில் பிறந்தவர். இந்தப் பிள்ளைக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையும் பாலமுனை; மாமி வழியாகக் கதை அங்கே போயிருக்கிறது. மார்பு எடுத்தது வீட்டில் புருஷனுக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். புற்றுநோய்க் குடும்பத்தில் பெண் எடுக்க மாட்டோம் என்று நேற்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பிவிட்டார்கள்.

"நீங்க படிக்கிறத்துக்கு அவட உடம்பு என்ன கரும்பலகையா?" என்றார் மௌலவியா. "இனி நீங்க எந்த மையத்துக்கும் வர வேணாம். இதையும் போய் எழுதி வைங்க. எழுதினாத்தானே உங்களுக்கு விளங்கும்."

மகள் கொப்பியை நிலத்தில் வைத்தாள்.

"உம்மா அந்த இடத்த எனக்கும் காட்டல்ல டீச்சர். எந்தப் பக்கமெண்டே உங்கட கொப்பியப் பாத்துத்தான் எனக்குத் தெரியும்."

அவர்கள் போன பிறகு மீனை வெட்டினேன், சமைத்தேன். சாப்பிட முடியவில்லை. வானொலியில் வன்னிச் சண்டைச் செய்தி போனது. ஒரு சொல்லும் மனதில் நிற்கவில்லை. அன்றைக்கு எதுவும் எழுதவுமில்லை.

மறுநாள் காலை, சுபஹ் தொழுத கையோடு, முற்றம் கூட்டாமல், முதல் பஸ்ஸில் பாலமுனைக்குப் போனேன். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாயை எனக்கு முன்பே தெரியும். என் முதல் நியமனம் அந்த ஊரில்தான். அவருடைய மூத்த மகள் என்னிடம் படித்தவள்.

முற்றத்தில் நின்றே சொன்னேன். "அந்தக் குறிப்பு அவவப் பத்தினது இல்ல. அது வேற மையத்து. நான் திகதிய மாத்தி எழுதிட்டன்."

என் வாழ்க்கையில் திகதி மாற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமே இல்லாமல் சொன்னார்: "கொப்பியில திகதி பிழையா எழுதினதுக்கு என்ட மூத்தவள ரெண்டு பாடம் வெயிலுக்க நிக்க வெச்ச ஆள் நீங்க. நீங்களா திகதிய மாத்தி எழுதுவீங்க?"

"எல்லாருக்கும் பிழை வரும்."

"உங்களுக்கு வராது டீச்சர். அதாலதான் நாங்க உடனே நம்பின. மகனுக்கு வேற இடம் பாக்கச் சொல்லியாச்சி." கதிரையை இழுத்துப் போட்டார். "இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

இருந்தேன். குடித்தேன்.