இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி

இசைவாணியை ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்று வேலைக்குச் சேரும்போதே சொல்லியிருந்தார்கள். நிரந்தரமானால் அம்மா சவுரியம்மாள் கூலி வேலையை விட்டுவிடலாம். சவுரியம்மாளுக்கு இதயத்தில் வால்வு சரியில்லை. வெயிலில் குனிந்து நிமிரக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. டாக்டர் சொன்னால் ஆயிற்றா? அடுப்பு எரிய வேண்டுமே. கோலியனூரைச் சுற்றி யார் நிலத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கக் கூப்பிட்டாலும் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

இசைவாணியின் ஆபீஸ் திண்டிவனத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில். ஆஸ்பத்திரிகளில் டோக்கன் நம்பர் ஓடுமே, அதற்கு மென்பொருள் எழுதும் சின்ன கம்பெனி. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் எந்தப் பகுதியை எழுதினாலும் அது அவர் பெயரிலேயே ஓட வேண்டும். அதை அவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. எது மந்தமாக ஓடினாலும் யாரைத் திட்டுவது என்று தெரிந்துவிடும் இல்லையா? மற்றவர்கள் பெயரை இங்கிலீஷில் சுருக்கி வைத்திருந்தார்கள். இசைவாணி மட்டும் தமிழில், அப்பா மாசிலாமணியின் இனிஷியலோடு வைத்தாள்: மா.இசைவாணி.

ஐந்தாம் மாதம் ஒரு ஆஸ்பத்திரி கூச்சல் போட்டது. டோக்கன் நகரவே இல்லையாம். எந்தப் பகுதி நேரத்தை விழுங்குகிறது என்று அளந்து காட்ட ஒரு கருவி உண்டு. எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி இலவசமாக விட்டிருப்பது. அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். அதை ஓட்டினார்கள். இசைவாணியின் பகுதிக்கு வந்ததும் கருவியே செத்து விழுந்தது.

மூன்று நாள் அந்த நிரலுக்குள்ளேயே கிடந்து காரணத்தைப் பிடித்தாள். ஒரு பெயருக்குப் பதினைந்து இடம்தான். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு இடம் போதும். தமிழில் எழுத்தோ துணைக்காலோ, ஒவ்வொரு குறிக்கும் மூன்று வேண்டும். ஐமூன்று பதினைந்து, எனவே நீளமான தமிழ்ப் பெயரை வெட்டினாலும் முழுக் குறியோடு நிற்கும். இங்கே இனிஷியலின் புள்ளி ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டதால், கடைசிக் குறி நடுவில் வெட்டுப்பட்டது. பாதிக் குறியைப் படிக்கத் தெரியாமல் கருவி உயிரை விட்டது.

அவளுக்கு மேலே இருந்த கோகுலகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இவ்ளோதானா? இனிஷியல எடுத்துடும்மா. ஜல்தி ஓட்டிப் பாத்துட்டு அடுத்த வேலையப் பாப்போம்."

"தப்பு அந்த டூல்ல இருக்குது சார், என் பேர்ல இல்ல. ரெண்டு நாள் குடுங்க, டூலயே சரி பண்ணிடறேன்."

எடுத்திருக்கலாம். எடுக்க ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் நான்கு வருடம் முன்பு மாசிலாமணி கிணற்றில் தூர் வாரும்போது மண் சரிந்து செத்தார். மறுநாள் பேப்பரில் ஊர் பெயர் வந்தது, கிணற்றுக்காரர் பெயர் வந்தது. மாசிலாமணி மட்டும் 'கூலித்தொழிலாளி ஒருவர்'. அந்தப் பேப்பரைப் படித்தவளிடம் போய் இனிஷியலை எடு என்றால் எப்படி எடுப்பாள்? வீம்புதான். அந்த வீம்பை என்னால் குறை சொல்லவும் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை.

ரெண்டு நாள் பத்தொன்பது நாளாயிற்று. ஆபீசிலும் எழுதினாள், விழுப்புரம் பஸ்ஸில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டும் எழுதினாள். முதலில் அனுப்பிய திருத்தத்தைக் கருவிக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அது வேறொரு இடத்தில் உடைந்தது. இரண்டாவது தடவை, இது உடையாது என்று நிரூபிக்க ஒரு சோதனையும் எழுதச் சொன்னார்கள். எழுதினாள். மொத்தத் திருத்தம் நான்கே வரி.

ஏற்றுக்கொண்டோம், நன்றி என்று பதில் வந்த அன்றுதான் ஆஸ்பத்திரி வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. முதலாளி வேங்கடேசன் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"ஊர்ல இருக்கிறவன் டூல சரி பண்றதுக்காம்மா உன்ன வெச்சிருக்கேன்? நாளையிலேர்ந்து வராத."



வீட்டுக்கு வந்தபோது சவுரியம்மாள் வாசலில் உட்கார்ந்து காலில் காய்ந்திருந்த மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேலை போய்விட்டது என்றதும் நிமிர்ந்தாள்.

"நீ என்னா தப்பு பண்ண?"

இசைவாணி ஒன்றையும் மறைக்கவில்லை. புள்ளி, பேப்பர், பத்தொன்பது நாள், எல்லாம் சொன்னாள். வேலை போனாலும் அம்மா கொஞ்சம் பெருமைப்படுவாள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. சவுரியம்மாள் கடைசிவரை கேட்டாள்.

"அந்தப் புள்ளிய எடுத்திருந்தா வேல போயிருக்காது. அப்படித்தான?"

"ஆமாம்மா."

"உங்கப்பா செத்துட்டாருடி. நான் உசுரோட கீறேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மிச்சத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மல்லாட்டை பிடுங்கக் கிளம்பினாள்.