பதினான்காவது கடிதம்

பெர்பெக்டா எழுதிய முதல் பன்னிரண்டு கடிதங்களையும் கிழித்துக் குப்பையில் போட்டவன் நான். மதியம் ஒரு மணிக்கு, மணிலாவிலிருந்து கப்பலில் வர வேண்டிய எங்கள் தீவில் எல்லாக் கடையிலும் எங்கள் ரேடியோதான் பாடும். நேயர்கள் தங்கள் வாழ்க்கையைக் கடிதமாக எழுதுவார்கள். தேறுவதைப் பேர் மாற்றி நாடகமாக்குவோம். பொறுக்கி எடுப்பது என் வேலை. அதற்கான திமிரும் எனக்கு இருந்தது.

அவள் சந்தையில் கருவாடு விற்பவள், வயது இருபத்திரண்டு. கடிதத்திலோ பளிங்கு மாளிகை, பியானோ, காசநோயில் சாகும் சீமாட்டி. எல்லாம் எங்கள் பழைய நாடகங்களிலிருந்தே சுட்டது. அவற்றில் நிஜமாக இருந்தது காகிதத்தின் கருவாட்டு வாசனை ஒன்றுதான்.

பதின்மூன்றாவதை அவள் பேரைச் சொல்லியே ஒலிபரப்பில் வாசித்துக் கிண்டலடித்தேன். மறுநாள் நிலையத்து வாசலில் வந்து நின்றாள்.

"சந்தையே சிரிக்குது அண்ணே. 'பளிங்கு மாளிகை, கால் கிலோ நெத்திலி போடு'ன்றாங்க."

"பின்ன? பியானோவ நீ கண்ணால பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு அத எழுதுற? உங்க வீட்ல சோறு திங்கிறப்ப நடக்குறத எழுதித் தொலை."

"அத எவன் கேப்பான்?"

"நீ எழுது. கேக்க வைக்கிறது என் பாடு."

விரட்டிவிடத்தான் சொன்னேன்.

பதினான்காவது மூன்றே பக்கம். அவளுடைய அக்கா மிலாக்ரோஸைப் பற்றியது. பதினாறு வயதில் மிலாக்ரோஸ் பெற்ற மகளை, அம்மா தன் கடைக்குட்டி என்று ஊருக்குச் சொல்லி வளர்க்கிறாள். வீட்டிலும் சந்தைச் சோற்றுக்கடையிலும் மிலாக்ரோஸ் தினமும் தன் மீனின் கன்னச் சதையைக் கிள்ளி அந்தச் சிறுமியின் தட்டில் வைப்பாள். சிறுமி "அக்கா" என்று கூப்பிடும்போதெல்லாம் மிலாக்ரோஸ் முள் எடுப்பதுபோலக் குனிந்துகொள்வாள். இப்போது மிலாக்ரோஸுக்கு ஒரு கப்பல்காரனோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவனுக்கு இது தெரியாது.

ஓர் அலங்காரச் சொல் இல்லை. படித்து முடித்ததும் பெர்பெக்டாவை நிலையத்துக்கு வரச் சொல்லி ஆளனுப்பினேன்.

எல்லாப் பேரையும் மாற்றினோம். கருவாட்டுக் கடையை அரிசிக் கடையாக்கினோம். மீன் கன்னத்தில் மட்டும் கை வைக்க எனக்கும் மனசு வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. கதையின் உயிரே அதுதானே. ஆனால் சந்தைச் சோற்றுக்கடையில் மிலாக்ரோஸ் தினமும் அதைச் செய்வதை ஊரே பார்த்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஒலிபரப்பானது. சோற்றுக்கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ரேடியோவை விட்டு மிலாக்ரோஸின் தட்டைத் திரும்பிப் பார்த்தார்களாம். அந்தச் சிறுமி, எட்டு வயது லில்லிபெத், வாய் நிறைய மீனோடு கேட்டிருக்கிறாள்:

"அக்கா, எல்லாரும் ஏன் என்னையே பாக்குறாங்க?"

மறுநாளே கப்பல்காரனின் அம்மா வந்து சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போனாள். மிலாக்ரோஸ் தங்கையிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எழுதறதுக்கு உனக்கு வேற எழவே கெடைக்கலியாடி?"

பெர்பெக்டா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் அனுப்புவாள், அல்லது என்னைத் திட்டி எழுதுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பதினைந்தாவது வந்தது. அதில், மணிலாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் மிலாக்ரோஸ் கப்பலேறுகிறாள். துறையில் நிற்கும் லில்லிபெத் கூப்பிட வாயைத் திறக்கிறாள். அக்கா என்பதா, அம்மா என்பதா என்று தெரியாமல் கப்பல் மறையும்வரை வாயைத் திறந்தபடியே நிற்கிறாள்.

அடியில் ஒரு குறிப்பு: "அண்ணே, இது போன தடவையவிட நல்லா வந்திருக்கு. பேர மாத்த வேணாம். அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே."

என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன். பேரை மாற்றவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே ஒலிபரப்பினோம்.