பச்சை ஸ்டிக்கர் ஒட்டின கல்யாண பிளவுஸ்

பிளவுஸ் தைக்கிற தொழில்ல ஊசி குத்தினா ஒரு நிமிஷம் வலிக்கும். தேதி தப்பினா வருஷம் பூரா திட்டு விழும். புது டைரி வாங்கி, "இனிமே எல்லாம் ஒழுங்கா இருக்கும்"னு எழுதி, முதல் பக்கத்தோட நிறுத்தின என் சக பாவிகளே, கேளுங்க.

நோட்டு

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல ஒரு மாடியில என் கடை. நானும் பரீதா அக்காவும்தான். அக்கா ஹூக் வைக்கிறதுல கெட்டிக்காரி. ஆர்டர், அளவு எல்லாம் ஒரே நோட்டு. அது எப்பவும் ஏதாவது துணிக்கு அடியில கிடக்கும். ஒருநாள் அரை நாள் தேடியும் கிடைக்கல. சாயங்காலம் குவீன்ஸ்டவுன் டீச்சர் மூச்சு வாங்க மாடியேறி வந்தாங்க. மதியம் அவங்க பையில பிளவுஸுக்குப் பதிலா நோட்டைப் போட்டு அனுப்பியிருக்கேன்!

"எல்லாரோட இடுப்பளவும் படிச்சிட்டேன்மா. என்னோடதுதான் பெரிசு."

ஸ்டிக்கர்

நோட்டுக்கு ஒரு கும்பிடு. தேதியெல்லாம் போன்ல ஏத்தினேன். துணி வச்ச பைக்குப் பை ஸ்டிக்கர்: இந்த வாரம்னா சிவப்பு, அடுத்த வாரம்னா பச்சை. அடடா, என்ன அழகு! ஆனா வெள்ளிக்கிழமை விசேஷம்னு சொன்னவங்க ஞாயித்துக்கிழமைதான் பிளவுஸ் வாங்க வர்றாங்க. மார்சிலிங்ல இருந்து வர்ற வாடிக்கை ஜெயாகிட்ட கேட்டே கேட்டுட்டேன்.

"உங்களை நம்ப முடியாதுன்னு எல்லாரும் ரெண்டு நாள் முன்னாடியே தேதி சொல்லுவோம்லா. உங்களுக்குத் தெரியாதா?"

ரெண்டு நாள்

அப்படியா சேதி! போன்ல எல்லாத் தேதிக்கும் ரெண்டு நாள் கூட்டிப் போட்டேன். ரெண்டு வாரம் நிம்மதியா டீ குடிச்சேன்.

ஒரு சனிக்கிழமை காலையில, கை நிறைய மருதாணியோட நித்யா வந்து நின்னா. அவ பையில பச்சை ஸ்டிக்கர். பிளவுஸுக்கு இன்னும் கையே வைக்கல.

"கல்யாணம் எப்பம்மா?"

"நாளைக்குக்கா. ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேனே!"

பாவி மக, உண்மையைச் சொல்லியிருக்கா! நான்தான் ரெண்டு நாள் கூட்டிச் செவ்வாய்க்கிழமைன்னு போட்டிருக்கேன். அவ கண்ணு ரெண்டும் குளமாயிடுச்சு. பரீதா அக்கா கடைக்கதவைச் சாத்தினாங்க, ஹூக் டப்பாவைத் திறந்தாங்க. நான் மெஷின்ல உட்கார்ந்தவ எழுந்திருக்கல. மணப்பொண்ணு எங்களுக்குப் புரோட்டா ஆர்டர் பண்ணினா. நாலு மணிக்குப் போட்டுப் பார்த்தா, கச்சிதம்! மூணு பேரும் கட்டிப்பிடிச்சு சிரிச்ச சிரிப்புல பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வாசல்ல நின்னு நித்யா சொன்னா:

"என் தங்கச்சி கல்யாணத்துக்கும் உங்ககிட்டதான் தைப்போம்க்கா. ஆனா சத்தியமா உண்மையான தேதி சொல்ல மாட்டேன்."

உண்மை பேசுறவங்களுக்குன்னே அன்னைக்கு வெள்ளை ஸ்டிக்கர் ஒரு கட்டு வாங்கி வச்சேன். இன்னும் பிரிக்கவே இல்லை.