ரோட்டோரத்து டின் பெட்டி

புது வீட்டு கேட்டில் தபால் பெட்டி மாட்ட வேண்டும் என்றாள் மருமகள். கடையிலிருந்து வந்ததைப் பிரித்தேன். தகர வாடை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, பருத்திக் காட்டுக்கு நடுவில் இருந்தது எங்கள் வீடு. ஐப்பசி பிறந்தால் கரிசல் சகதி ஆளைப் பிடித்து இழுக்கும். தபால்காரர் ஒருநாள் ரோட்டில் நின்றபடியே கத்தினார்.

"ஏலே, செருப்புல ரெண்டு வீசை மண்ணச் சொமந்துக்கிட்டு நம்மால வர முடியாது. இங்கன ஒரு பெட்டிய நட்டு வையி!"

எனக்கு அப்போது இருபது வயது. தீப்பெட்டி ஆபீசில் வேலை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, உடைமரக் கம்பில் அறைந்து, ரோட்டோரம் நட்டேன். பெரிய எஞ்சினியர் என்று நினைப்பு. அடுத்த மழைக்கே கம்பு குடிகாரனைப் போலச் சாய்ந்துவிட்டது.

அந்தப் பெட்டியை நம்பி இருந்தவள் என் அக்கா. அத்தானுக்குக் கொழும்பில் கடை வேலை. ஒரு வீடு பார்த்ததும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. சிலோன் தபால்தலையைப் பார்த்தாலே முகம் மலர்ந்துவிடும். மற்றதை நான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

அந்த முகத்தோடு விளையாடிப் பார்க்க எனக்கு ஒரு கெட்ட ஆசை. அத்தானின் பழைய உறைக்குள் பருத்திக்கொட்டையைப் போட்டு, ஆபீசிலிருந்து கொண்டுவந்த மைதாப் பசையால் ஒட்டிப் பெட்டியில் வைத்தேன். பிரித்தவள் முகம் செத்துப்போனதும் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு தரம் போதாதென்று மூன்று தரம். மூன்றாவது தரம் உள்ளே இருந்தது செத்த ஓணான்.

"நீ நல்லா இருப்பியாலே?" என்றாள். அதற்கும் சிரித்தேன்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "இன்னைக்கும் ஒன் வேலயக் காட்டிட்டல்லா? நான் பிரிக்கவே இல்ல. காட்டு வெடிப்புக்குள்ள திணிச்சிட்டேன்."

அன்றைக்கு நான் எதுவும் வைக்கவில்லை.

மறுநாள் தபால்காரரைப் பிடித்தேன். "நேத்து கொழும்புக் கடுதாசி ஒண்ணு போட்டேனே. அவிய எழுத்துதான். ஏன் கேக்க?" என்றார்.

கோடையில் கரிசல் வெடித்தால் ஒரு கை முழுசாக உள்ளே இறங்கும். கடப்பாரையோடு மூன்று நாள் அலைந்தேன். எந்த வெடிப்பு என்று அக்காவிடம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே. கேட்கவில்லை. கோழைப் பயல். அத்தானின் பழைய விலாசத்துக்கு நானே எழுதினேன். ஆள் இடம் மாறிவிட்டதாகத் திரும்பி வந்தது. புது விலாசம் அந்தக் கடுதாசியில்தான் இருந்திருக்க வேண்டும். அதற்குள் மழை பெய்து, மண் உப்பி, வெடிப்பெல்லாம் வாயை மூடிக்கொண்டது.

பதில் வராததை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, அப்புறம் அத்தானிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அக்கா எத்தனையோ வருஷம் மத்தியான வெயிலில் பெட்டிவரை நடந்துவிட்டு வந்தாள். "ஒரு வரி எழுதக் கூடாதா இந்த மனுசன்" என்று சாகும்வரை அவரைத்தான் திட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆமாம் போட்டேன்.

இப்போது அந்தக் காடு பிளாட்டாகிவிட்டது. கம்பு இல்லை, பெட்டி இல்லை, அக்காவும் இல்லை. ரோட்டிலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசல்வரைக்கும் சிமெண்டு போட்டிருக்கிறார்கள். எவ்வளவு வெயில் அடித்தாலும் அங்கே வெடிப்பு விழுவதில்லை.