நீரில் கரைந்த நீலம்

எங்கள் அண்ணன் சிவகாசி அருகே ஆனைக்குட்டத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். மழை பொய்த்தபோது இருவரும் தீப்பெட்டி கம்பெனி வேனில் ஏறினார்கள். அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி லாரியில் கிளீனராகப் போனார், பிறகு டிரைவரானார். தீபாவளி சீசனில் சிவகாசியிலிருந்து வெடி லோடு ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம், ராஜஸ்தான் வரை ஓட்டினார். மற்ற டிரைவர்கள் திரும்பும்போது வீட்டுக்குச் சேலையோ பாத்திரமோ வாங்கி வருவார்கள். அண்ணன் கல் கொண்டுவருவார்.

"ஏலே, வீட்டுக்குள்ள குவாரி வச்சிருக்கியா? ராயல்டி கட்டணும்லே!" என்று அவரைக் கேலி செய்யாதவர்கள் எங்கள் உறவில் குறைவு. அண்ணன் ஒரு கல்லை எடுத்து வெயிலில் பிடித்துக் காட்டுவார். கேலி செய்தவர் குனிந்து பார்ப்பார்.

அவற்றையெல்லாம் அடுக்கிவைத்த அலமாரியில் இருந்தவற்றைச் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் கிணறு வெட்டிய இடத்தில் கிடைத்த, உச்சி கூம்பிய இளம்பச்சைப் படிகங்கள். அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சுண்ணாம்புக் குவாரியில் எடுத்த, ஒரு பக்கமாகச் சாய்ந்த பெட்டி போன்ற தெளிந்த கல். அதைச் செய்தித்தாள் மேல் வைத்தால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டாகத் தெரியும். கம்பிக் கட்டு போன்ற ஈயநிற அஞ்சனக்கல். எலுமிச்சை நிறத்தில் கந்தகப் படிகம். செக்கச் சிவந்த மனோசிலை. இந்தக் கடைசி மூன்றும் வெடிமருந்திலும் சேர்பவை.

ஊறுகாய் பாட்டில் ஒன்றில் தனியாக ஒரு நீலக் கல் இருந்தது. ராஜஸ்தானில் கைவிடப்பட்ட ஒரு தாமிரச் சுரங்கத்தின் வாய்ப்பகுதியில், பாறையில் கசிந்த நீர் வற்றி வற்றி வளர்ந்தது. பொருள் என்னவோ தாமிர உப்பான மயில்துத்தம்தான். ஆனால் கடையில் விற்கும் மயில்துத்தம் கட்டி கட்டியாக, பட்டை பட்டையாக இருக்கும். இது பழுப்புத் தாய்ப்பாறையிலிருந்து நூல் நூலாகக் கிளம்பி, கிடாவின் கொம்பு போல வளைந்து நின்றது. காற்று உலர்ந்தால் வெளுத்துப் பொடியாகும். தண்ணீர் பட்டால் கரையும். அதனால் பாட்டிலின் மூடியை மெழுகால் அடைத்திருந்தார்.

அண்ணனின் நுரையீரல் சுருங்கத் தொடங்கியதும் லாரி நின்றது. கட்டிலருகே ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. இனிக் குணமாகாது என்று டாக்டர் எங்களிடம் சொன்னார், அண்ணனிடமும் மறைக்கவில்லை. அதன் பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: "நான் போனதும் இதெல்லாம் தெருவுல கெடக்கக் கூடாது."

ஒரு கல்லூரியின் நிலவியல் பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நீலக் கல்லின் முன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "இப்படி வளைஞ்சு வளர்ந்தது எங்க கல்லூரியில இல்லைங்க. அடுத்த வாரம் பெட்டியோட வர்றோம். எல்லாத்தையும் உங்க பேர் போட்டே வைப்போம்," என்றார். அன்று அண்ணன் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள், பக்கத்துத் தெருவில் உரிமமில்லாமல் வெடி கட்டிய வீடு வெடித்துச் சிதறியது. ஒரு தாயும் மகளும் இறந்தார்கள். மறுநாள் அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார்கள். அண்ணி பட்டாசு கம்பெனியில் வேலை பார்ப்பவர். அன்று வீட்டில் இருந்தார். அண்ணன் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார்.

"ஏத்தா, ஜீப்பு வருது! கந்தகம் கண்டாலே ஆளத் தூக்குறாகளாம். ஒங்க வீட்டுல அம்புட்டும் கெடக்கே!"

"அது கல்லுக்கா."

"கல்லா மருந்தான்னு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன பொறவுதான் பாப்பாக. அங்கன இந்த மெஷினுக்குக் கரண்டு யாரு குடுப்பா?"

கம்பெனியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, சிந்திய மருந்தைத் தண்ணீரில் போடு என்பது. இத்தனை ஆண்டு வேலையில் அண்ணியின் கை அதற்குப் பழகியிருந்தது. அலமாரியில் இருந்ததையெல்லாம் பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் போட்டார். ஊறுகாய் பாட்டிலின் மூடி திறக்கவில்லை. தொட்டி விளிம்பில் அடித்து உடைத்தார்.

ஜீப் எங்கள் தெருவுக்குள் திரும்பவில்லை.

மற்றக் கற்களைத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. அண்ணன் விழித்து, டியூப் எட்டுகிற தூரம் வரை நடந்து வந்து பார்த்தபோது தொட்டித் தண்ணீர் நீலமாக இருந்தது.

"ஒங்களக் கொண்டுபோயிருவாகளோன்னு நெனச்சிட்டேங்க," என்றார் அண்ணி.

"தெரியும். தண்ணியக் கொட்டிராத புள்ள."

அண்ணி இரும்பு வாளியில் மொண்டார். வாளியின் உட்புறம் செம்பு நிறமானது. "இரும்பு ஆகாது, பிளாஸ்டிக்குல ஊத்து," என்றார் அண்ணன். பக்கத்து வீட்டு அக்கா சோறு வடிக்கிற நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு டப்பாக்களோடு வந்தார். நீலம் அடியில் தங்கட்டும் என்று மொட்டை மாடியில் வைத்த தண்ணீர் வெயிலில் வற்றத் தொடங்கியது. அண்ணி வேலைக்குப் போகாமல் அங்கேயே காவல் இருந்தார். மேகம் கூடினால் ஓடி ஓடித் தகரம் போட்டு மூடுவார். "ஐப்பசி வெயில நம்பி வடகம் போட்டவ கணக்கா உக்காந்திருக்கேன் தம்பி," என்று என்னிடம் போனில் சொல்லிவிட்டு அழுதார்.

அடியில் நீலம் விளைந்தது. கூரிய விளிம்பும் சாய்ந்த பட்டையுமாக, பழைய கல்லைவிடப் பளிச்சென்று இருந்தது. அண்ணி அதைத் தட்டில் வைத்துக் கட்டிலருகே கொண்டுபோனார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"எம்புட்டு அழகா இருக்கு, பாருங்க."

அண்ணன் கல் பார்க்கும் லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நூலும் இல்லை. ஒரு வளைவும் இல்லை.

"அழகாத்தான் இருக்கு. இது வேற, புள்ள."

பேராசிரியருக்கு அவரே போன் செய்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "சார், அந்தக் கல்லு இல்ல. இப்ப இருக்கிறது கடைச்சரக்கு. அதுக்கு எம் பேரப் போட்றாதீக." போனை வைத்தபின் லென்ஸை உறைக்குள் போட்டு என்னிடம் கொடுத்தார். பிறகு அதைக் கேட்கவில்லை. சோதனைகளால் தள்ளிப்போன கல்லூரிப் பெட்டி வருவதற்கு முந்தைய நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் மூச்சு நின்றது.

கோபத்தில் அண்ணி கல்லை அழித்துவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதனால்தான் இந்த நினைவு மலரில் இதை எழுதும்படி அண்ணியே சொன்னார். "மறைக்காதீக தம்பி. பயந்து போட்டேன், கரைஞ்சிருச்சு. நடந்ததப் போடுங்க."

கடைசி வரை உண்மையைச் சொல்லி வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், அண்ணி கேட்டபோதெல்லாம் லீவு கொடுத்த ஃபோர்மேனுக்கும் எங்கள் நன்றி. பக்கத்து வீட்டு அக்கா அன்று ஓடிவந்தது எங்கள் மேல் உள்ள அக்கறையால், அதற்கும் நன்றி. மற்றக் கற்களை அண்ணன் பெயரிலேயே வைத்திருக்கும் பேராசிரியருக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த டிரைவர் நண்பர்களுக்கும் நன்றி.

அந்த நண்பர்களில் ஒருவர் இந்த ஆண்டு ராஜஸ்தான் லோடு போனபோது பழைய சுரங்கத்தைத் தேடிப் போய்ப் பார்த்தார். வாய் வரை தண்ணீர் நிற்கிறதாம். அண்ணியிடம் சொன்னோம். காது கொடுத்துக் கேட்டார், இருந்தாலும் இந்த வேண்டுகோளையும் அச்சில் சேர்க்கச் சொன்னார்: வடக்கே போகிறவர்கள் பாறைச் சந்தில் கொம்பு போல வளைந்த நீலத்தை எங்காவது கண்டால், தாய்ப்பாறையோடு எடுத்துப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவாருங்கள். மண் ஒட்டியிருந்தால் இருக்கட்டும். கழுவ வேண்டாம்.