மூக்குக்காக எடுத்த ரத்தம்

ஆறு வருஷமாக வீரபாண்டி மேல் எனக்கு ஒரு கோபம். அரபு நாட்டில், எங்கள் அல் கூஸ் தொழிலாளர் கேம்பில், ஒரு நாள் அவன் சமையல் முறை. கெட்டுப்போன மத்தி மீனைக் குழம்பு வைத்துப் போட்டுவிட்டான். ரூமில் நாலு பேர் இரண்டு நாள் டியூட்டிக்குப் போகவில்லை. “நாத்தம் தெரியலையாடா?” என்றதற்கு, “தெரியலையேண்ணே” என்று சிரித்தான். திமிர் என்று நினைத்தேன்.

திமிர் இல்லை. மூக்குக்குள் சதை வளர்ந்து வாசனையே போயிருந்தது. ஆள் இளையான்குடிப் பக்கம், வயது முப்பத்தெட்டு. எங்கள் மரப்பட்டறையில் பலகை அறுக்கும் மெஷின் அவன் பொறுப்பு. எப்போதும் வாயால்தான் மூச்சு. போன நவம்பரில் ஆபரேஷன் செய்து சதையை எடுத்தார்கள். பதினைந்தாம் நாள் என் சட்டையை மோந்து, “குளிச்சு எத்தனை நாளாச்சுண்ணே?” என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். பார்த்தால் அவன் கண்ணில் தண்ணீர்.

ஆபரேஷன் செய்த டாக்டர் ஹஃபீஸா காயல்பட்டினத்துக்காரர். தமிழிலேயே சொன்னார்: “ரத்தத்துல ஈசினோபில்னு ஒரு அணு. ஐநூறுக்கு மேல இருந்தாலே அதிகம், உங்களுக்குத் தொள்ளாயிரம். அது இறங்கலைன்னா சதை திரும்ப வளர வாய்ப்பு ஜாஸ்தி. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம். அப்பவும் இறங்கலைன்னா, மரத்தூள் வேலை கூடாதுன்னு கம்பெனிக்கு எழுதிருவேன்.”

அந்தக் கடைசிப் பேச்சு அவனைத் தின்றது. மெஷினை விட்டு இறக்கினால் கம்பெனி ஊருக்கு டிக்கெட் போட்டுவிடும் என்று பயம். உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவும்போதெல்லாம், “இறங்கியிருக்குமாண்ணே?” என்பான். “நான் என்ன மீட்டரா?” என்று எரிந்து விழுவேன்.

மூன்றாம் மாதம் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்தது, நாற்பது. டாக்டருக்கே ஆச்சரியம். இவன் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. அதுதான் எனக்கு இடித்தது. மறுநாள் ஊறுகாய் எடுக்க அவன் பையைத் திறந்தேன். உள்ளே பாதி காலியான மாத்திரை அட்டை. ரூமில் இருக்கும் மணிமாறன் தன் மூச்சு இழுப்புக்காக ஊரிலிருந்து கொண்டு வந்த ஸ்டீராய்டு.

“பத்து நாளாத் தின்னுட்டிருக்கேண்ணே. தின்னா நம்பர் இறங்கும்னு மணிமாறன் சொன்னான்.”

“டாக்டரை ஏமாத்துறியா?”

“பயமா இருந்துச்சுண்ணே.”

“மாத்திரையை நிறுத்தினா நம்பர் ஏறாதாடா, மடையா?”

அன்றோடு மாத்திரையை நிறுத்தினான். இரண்டு வாரத்தில் வலது பக்கம் அடைக்க ஆரம்பித்தது. டீ கிளாஸை மூக்கில் வைத்து மோந்து மோந்து பார்த்தான். சளியா, சதையா என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. டாக்டரிடம் சொன்னால் மெஷின் போகும். சொல்லாவிட்டால் மூக்கு போகும். இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தவன், மூன்றாம் நாள் என்னையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனான்.

டோக்கன் வாங்கி உட்கார்ந்ததும் அந்த அட்டையை என் சட்டைப் பையில் திணித்தான்.

“உள்ள போனா எனக்குப் பொய்தான் வரும்ணே. நான் வாயைத் தொறக்கிறதுக்கு முன்னாடி, நீ இதை எடுத்து டாக்டரம்மா மேசையில வச்சிரு.”