சத்தமில்லாத ஜீப்பும் எங்கம்மாவும்

இன்னைக்கு பண்டாரவளையில, பழைய வண்டி விக்கிற கார் சேல்ல...

ஒரே மாடல் எஸ்யூவி, மூணு தலைமுறை, வரிசையா நிக்குது! எனக்கு கைகால் ஓடல! (நான் ஸ்கூல் டீச்சர்தான். ஆனா ராத்திரி பூரா பாக்குறது கார் ரிவ்யூ. வீட்ல இதுக்கே தனியா ஏச்சு விழும்.)

லீவுல ஊருக்கு வந்த எங்க அண்ணனோட வண்டி பாக்கத்தான் வந்தேன். அண்ணன் பதினோரு வருஷமா கப்பல்ல இன்ஜினியர். பூனாகலை தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்த பய, நடுக்கடல்ல இருந்து போன் போட்டாலும் ஒரே பாட்டுதான்.

"லக்சரி வண்டி ஒண்ணு எடுக்கணும்டி. முன் சீட்டுல அம்மாவ வச்சு, தோட்டத்து தொர போற அதே ரோட்டுல போகணும்."

வண்டி பேரு சொல்லமாட்டேன். சொன்னா கமெண்ட்ல அடிதடி வரும்!

ஆனா அந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல பாத்தா ஆச்சரியமா இருந்துச்சு.

மொதல்ல வந்தது பாண் ரொட்டி மாதிரி சதுரம். டீசல். பின் கதவுல ஸ்பேர் டயர் தொங்குது. சாமான் ஏத்தத்தான் செஞ்சிருக்கான்.

ரெண்டாவதுல மூலையெல்லாம் உருண்டு போச்சு. லெதர் சீட்டு, டாஷ்போர்ட்ல மரம். சரி, குடும்பஸ்தன் ஆயிட்டான்.

மூணாவது ஹைப்ரிட். உள்ள இருக்குற ஸ்க்ரீன் எங்க ஸ்டாஃப் ரூம் டிவிய விட பெருசு! பள்ளத்துல எறங்குனாலும் தெரியாதாம். ரோடு இருக்குறதையே மறக்க வைக்கிறதுக்குத்தான் லக்சரின்னு பேரு போல!

"ஏன் நானா எல்லாரும் நடு சைஸான இந்த மாடலையே கேக்குறாங்க?"ன்னு கார் சேல் ஓனர்கிட்ட கேட்டேன். (முஸ்லிம் அண்ணன்மார நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம்.)

"பெருச எடுத்தா ஒங்கட தோட்டத்து வளைவுல ரெண்டு தரம் ரிவர்ஸ் போடணும் மகள். சின்னத எடுத்தா குடும்பம் கொள்ளாது. இந்த மூணாவத ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க... சத்தம் ஈக்கிதா?"

இல்ல! சத்தியமா இல்ல! ஸ்டார்ட் ஆனதே தெரியல!

அண்ணன் மூஞ்சில பல்பு எரிஞ்சுச்சு. "நானா, தோட்டத்துக்கு ஏத்திப் பாத்துட்டு வர்றோம்."

நான் பின் சீட்டு. முன் சீட்டு காலி. "அது அம்மாவுக்கு, கைப்பையக்கூட வைக்காதே!"ன்னு ஆர்டர் வேற.

பத்து மணி தேத்தண்ணி நேரம். ரோட்டோரத்துல கொழுந்து எடுக்குற பொம்பளைங்க எல்லாம் குந்திக்கிட்டு, ரொட்டியப் பிச்சுக்கிட்டு, கதையளந்துக்கிட்டு இருக்காங்க. நடுவுல எங்கம்மா.

நாங்க வளைவுல திரும்புனது ஒருத்தருக்கும் கேக்கல. மெதுவா போனா அந்த வண்டி பேட்டரியில ஓடுது!

கங்காணிதான் மொதல்ல பாத்தாரு.

"ஏய்! தொர வாராரு! எந்திரிங்க!"

அவ்வளவுதான்! தேத்தண்ணி போத்தல் ஒரு பக்கம், ரொட்டி ஒரு பக்கம். எல்லாரும் சடார்னு ரோட்டோரத்துல தண்ணி ஓடுற கான்ல எறங்கி வரிசையா நின்னுட்டாங்க.

எங்கம்மாவும்தான்.

தலையில போட்டிருந்த கொங்காணி சாக்க இழுத்து கையில பிடிச்சுக்கிட்டு, கான் தண்ணியில நின்னுக்கிட்டு, தலைய குனிஞ்சுக்கிட்டு. அண்ணன் சரியா அம்மா பக்கத்துல நிப்பாட்டுனாரு. அம்மா நிமிர்ந்தே பாக்கல. இன்னும் ஒரு அடி பின்னாடி போச்சு.

"கண்ணாடிய எறக்குண்ணே."

அண்ணன் ஸ்டியரிங்க பிடிச்சபடி ஒக்காந்திருக்காரு.

"நம்ம அம்மாடி... எனக்கு வழிவிட்டு கான்ல நிக்குது."

 நானே கைய நீட்டி முன் கண்ணாடி பட்டன அமுக்குனேன்.

"அம்மா! நாங்கதான்!"

அம்மா நிமிர்ந்துச்சு. பாத்துச்சு. அப்புறம் ஆரம்பிச்சுச்சு பாருங்க!

"அட நாசமா போனவனே! யாரு வண்டிடா இது? எறங்கு மொதல்ல! இப்படியா பூனை மாதிரி வருவ?"

பக்கத்துல ஒரு அத்தை: "எந் தேத்தண்ணி போச்சே! யாரு குடுப்பா?" (அண்ணன் எல்லாருக்கும் நெஸ்டமோல்ட் டின் வாங்கித் தர்றதா சத்தியம் பண்ண வேண்டியதாப் போச்சு.)

அண்ணன் கதவத் தொறந்து, "ஏறும்மா, ஒனக்குத்தான் இந்த வண்டி"ன்னாரு.

அம்மா ஏறல.

"எனக்கு வேணாம்டா. தொர ஜீப்பாவது ரெண்டு வளைவுக்கு அங்கிட்டே கத்தும். ஆளு எந்திரிச்சு நிக்க நேரமிருக்கும். இது சொல்லாம கொள்ளாம வந்து நிக்குது. பதினோரு வருஷமா நீ எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டு இருக்கேன். நீ வர்றது எனக்கு தூரத்துலயே தெரியணும்."

அண்ணன் வண்டிய பண்டாரவளைக்கே திருப்புனாரு.

நானாகிட்ட சாவியக் குடுத்துட்டு, மூலையில நின்ன அந்த மொத டீசல் பாண் பெட்டியக் காட்டுனாரு. "அத பாப்போம் நானா."

நானா சிரிச்சாரு. "எல்லாரும் சத்தம் வேணாம்னு வாராங்க. சத்தம் வேணும்னு வந்த மொத ஆள் நீங்கதான் மகன்!"

கொழுந்து நிறுக்குற நேரத்துக்கு மறுபடி ஏறுனோம். டீசல் இன்ஜின் மலை பூரா கேக்குற மாதிரி உறுமுது. எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான். அம்மா இந்தச் சத்தத்துக்கும் போய் கான்ல நின்னுட்டா?

ரெண்டாவது வளைவு திரும்புனோம்.

கான்ல ஒருத்தரும் இல்ல!

எங்கம்மா நடு ரோட்டுல நிக்குது. தலையில கொங்காணி அப்படியே இருக்கு. பஸ்ஸ மறிக்கிற மாதிரி கைய நீட்டிக்கிட்டு!

சேறு காலோட முன் சீட்டுல ஏறி ஒக்காந்து, கதவ டமார்னு சாத்திட்டு, தெனமும் விடியக்காலம் தொர முன்னாடி வரிசையா நிக்கிற களத்துப் பக்கம் கையக் காட்டிச் சொல்லுச்சு:

"போ. பெரட்டுக்களத்துகிட்ட ஹார்ன அடி!"

ஒங்க வீட்டு மொத வண்டியில முன் சீட்டுல ஏறுனது யாரு? கமெண்ட்ல சொல்லுங்க மக்களே!